புறத்தான் என்று ஒரு குதிரை

நரியைப் பரியாக்கிக் காட்டி, காட்டிய பரியை மீண்டும் நரியாக்கிய பெருமானே, பொய்க் குதிரையின் மேலேறி வந்து மெய்யருள் செய்தவனே, இந்த எளியவள் எடுத்த எழுதுகோல் சினத்தால் நடுங்காமலும் பாசத்தால் குழையாமலும் எழுதி முடிக்க உடனிருந்து காத்தருள்க. என் சொல் என் மகனைச் சுடுமாயின் அச்சூடு அவனுக்கு மருந்தாகட்டும். சுடாதாயின் அதுவும் உன் திருவுள்ளம் என்று வாய்மூடிக்கொள்கிறேன்.

மகனுக்கு, ஆம்பூரிலிருந்து அம்மா எழுதுவது. வருகிற ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் தங்கை மங்கைக்குத் திருமணம். நீ வரப்போவதில்லை என்று சென்ற மாதம் அவளிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாய். அதற்கு நீ காட்டிய காரணம் குதிரைப் பந்தயம். ஞாயிறு முகூர்த்தம், செவ்வாய் பந்தயம். நீ வாழும் நாட்டில் அலுவலகங்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கும் அந்தப் பெரும்பந்தயத்துக்கு முந்தைய வாரம்தான் உனக்கு அறுவடைக் காலம், அப்போது ஊருக்கு வந்தால் உன் சேனல் படுத்துவிடும் என்றாயாம். அவள் அதை என்னிடம் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தாள். ஒப்பித்துவிட்டு, துவைத்த துணியை மடிக்கப் போய்விட்டாள். காரணம் பந்தயம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். மூவரில் ஒருவராவது அதை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இதை உறவினர் எவர் படித்தாலும் எனக்குக் குறைவில்லை. உன் அப்பா இல்லாத இந்த வீட்டில் உன் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் நீயும் உன் மனைவி கவிதாவும். வேள்வித் தீயில் இடுவதற்குப் பொரியை அள்ளி அவள் கையில் வைக்க வேண்டிய உடன்பிறந்தான் நீ ஒருவன்தான். இந்த இரண்டு இடங்களையும் வெறுமையாக விட்டுவிட்டு, மெல்போர்னில் உட்கார்ந்து, எந்தக் குதிரை ஓடும் என்று ஊருக்குச் சொல்லப்போவதாகச் சொல்கிறாய்.

நீ அந்த நாட்டுக்குப் படிக்கப் போன முதல் குளிர்காலம் எனக்கு நினைவிருக்கிறது. வாடகைக்கு அறை கேட்டுப் போன இடமெல்லாம் உன் பெயரைக் கேட்டதும் அறை இல்லை என்றார்கள் என்று அழுதாய். "நான் இங்க வெளியாளும்மா. என்ன பண்ணாலும் வெளியாளுதான்" என்றாய். அந்தக் குரல் என் காதில் இருந்துகொண்டே இருந்தது. பிறகு நீ வேலைக்குப் போனாய், கவிதாவை மணந்தாய், இனியா பிறந்தாள், ஓய்வுநேரத்தில் குதிரைகளைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கினாய். ஒருநாள் காலைப் பூசையை முடித்துக்கொண்டு எழுந்தபோது அழைத்தாய்.

"அம்மா, ஒரு வார்த்தை வேணும். இங்க அவுட்சைடர்னு சொல்வாங்க. ஜெயிக்கும்னு ஒருத்தனும் நம்பாத குதிரை. அதுக்கு நல்ல தமிழா ஒண்ணு குடு. டம்மி குதிரைன்னு சொன்னா அசிங்கமா இருக்கு."

"சூதாடுறதுக்கா என்கிட்ட தமிழ் கேக்கற?"

"நான் ஆடறதில்லம்மா. ஆராய்ச்சி பண்ணிச் சொல்றது மட்டும்தான்."

"அடுப்பு மூட்டிக் குடுத்துட்டு நான் சமைக்கலன்னு சொல்றாப்ல இருக்கு."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஆனாலும் மகன் ஒரு தமிழ்ச் சொல்லைத் தாயிடம் கேட்கிறான் என்ற ஒன்றே என்னை அன்று வளைத்துவிட்டது. பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற எவளுக்கும் அந்த ஆசை இருக்கும். நான் உனக்குத் தந்த சொல் புறத்தான். ஏன் அச்சொல் என்று விளக்கியும் சொன்னேன். நம் மொழி வாழ்க்கையை அகம் என்றும் புறம் என்றும் பகுத்தது. வீட்டுக்குள் நடப்பது அகம், களத்தில் நடப்பது புறம். காதல் அகத்தில் பாடப்படும், வீரம் புறத்தில்தான் பாடப்படும். ஆகவே வெளியே நிற்பவன் தாழ்ந்தவன் ஆகமாட்டான், இன்னும் பாடப்படாதவன் என்றுதான் பொருள், உன் குதிரைக்கு இது பொருந்தும் என்றேன். "சூப்பர்ம்மா, இதுதான்" என்றாய். உன் அடுத்த காணொளியில் அந்த விளக்கத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னாய். தாயிடம் பெற்றது என்று சொல்லவில்லை. அதை நான் பெரிதாக எண்ணவில்லை.

உன் காணொளிகள் ஒன்றையும் நான் விட்டதில்லை. சூதை மறைகள் பழிக்கின்றன, நானும் பழிக்கிறேன். என்றாலும் உன் முகத்தைப் பார்க்க எனக்கு வேறு சன்னல் இல்லை. அதில் நீ பேசுவது எனக்கு மனப்பாடம். ஊரே கைகாட்டும் பெரிய குதிரையின் முதுகில் ஈயத்தை ஏற்றி எடையைக் கூட்டுவார்கள், எளிய குதிரைக்குச் சுமை குறைவு, நெடுந்தூரம் ஓடும் பந்தயத்தில் அதன் பலன் கடைசி வளைவில்தான் தெரியும் என்பாய். கடல் தாண்டி வந்த குதிரையை உள்ளூர்க்காரர்கள் அறியமாட்டார்கள், அறியாததால் மதிக்கமாட்டார்கள், அந்த அறியாமைதான் நமக்கு வாய்ப்பு என்பாய். கடைசியாக ஓடிய பந்தயத்தில் பின்தங்கியது என்று ஒதுக்காதே, அன்று தரை எப்படி இருந்தது, வழியை யார் மறித்தார்கள் என்று பார் என்பாய். "பேரைப் பாக்காதீங்க, பரம்பரையைப் பாக்காதீங்க, ஓட்டத்தைப் பாருங்க" என்று ஒவ்வொரு முறையும் முடிப்பாய். இவ்வளவு நியாயமாக ஒரு விலங்கைப் பார்க்கத் தெரிந்தவனை நான் பெற்றிருக்கிறேன் என்று, சூதென்று தெரிந்தும், உள்ளுக்குள் சற்றே நிமிர்ந்திருந்தேன். அந்த நிமிர்வை நீயே ஒடித்தாய். அதற்கு வருகிறேன்.

நம் ஊரில் நீ பேசப்படும் விதம் உனக்கு முழுவதும் தெரியாது. ரயில் நிலையத்துக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருக்கும் நசீர் பாய் ஒருநாள் என்னை மறித்தார். கையில் கைபேசி, அதில் குதிரைகளின் பட்டியல்.

"டீச்சரம்மா, ஒரே ஒரு டவுட்டு. இந்தப் பொறத்தான் எத்தினாவது நம்பரு? மேலருந்து கீழ வரைக்கும் பாத்துட்டேன், பேரே காணோம்."

"அது குதிரையோட பேர் இல்லங்க பாய்."

"இன்னாம்மா நீங்க. தம்பி வாரா வாரம் சொல்றாரு, இந்த வாட்டி பொறத்தான்மேல கண்ணு வைங்கன்னு. போன மாசம் ஒரு ஊர்ல ஓடுச்சு, இந்த மாசம் வேற ஊர்ல ஓடுது. அவ்ளோ ஓடுற குதிரைக்குக் காலு வலிக்காதான்னு நானே பேஜாராயிட்டேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷூ கம்பெனி ஆட்கள் பலரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். ஒருவர், புறத்தான் அரபு தேசத்துக் குதிரை, வேறு பேரில்தான் பட்டியலில் போடுவார்கள் என்றுகூட விளக்கம் வைத்திருந்தார். நான் அங்கே நின்று, அகம் புறம் என்று தொடங்கி, நெடுஞ்சாலை லாரிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி இலக்கண வகுப்பு நடத்தினேன். நசீர் பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப யாரும் வேணாம்னு சொன்னவன்தான் பொறத்தான். தமிழ்ல இதுக்குக்கூட மரியாதையா பேரு வச்சிருக்கீங்க" என்றார். அன்று அது எனக்குப் பாராட்டாகப்பட்டது.

சென்ற ஆண்டு பெரும்பந்தயத்தன்று நீ கைகாட்டிய குதிரை, யாரும் மதிக்காத குதிரை, கூட்டத்தின் கடைசியிலிருந்து ஓரமாகவே ஓடிவந்து முதலில் நுழைந்தது. இங்கே காலைநேரம். என் பூசைமணி ஓசைக்கு மேலே தெருவில் கூச்சல் கேட்டது. "டீச்சரம்மா புள்ள சொன்னது கெலிச்சிடுச்சு" என்று நம் வீட்டு வாசலில் வந்து பொட்டலம் பொட்டலமாக இனிப்பு வைத்துவிட்டுப் போனார்கள். நான் அதில் ஒன்றையும் தொடவில்லை. அதன்பின் நீ கைகாட்டிய எத்தனையோ குதிரைகள் தோற்றன. ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒருவர், தெருவில் என்னைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு வணங்குபவர், இப்போது என்னைக் கண்டதும் எதிர்வரிசைக்கு மாறிப்போகிறார். அவர் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். தோற்ற குதிரைகளைப் பற்றி நீ காணொளி செய்வதில்லை. அவற்றைப் பற்றிய காணொளிகள் இந்தத் தெருவில் நடமாடிக்கொண்டிருக்கின்றன.

இனி மங்கையிடம் வருகிறேன். அவள் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் அருள்குமார் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறான். ஷூவை முதலில் கணினியில் வரைந்து, துண்டு துண்டாகப் பிரித்து வெட்டுவதற்குக் கொடுக்கும் வேலை. படித்தவன், கொஞ்சம் வாயாடி, சட்டைக் கையை எப்போதும் மடித்துவிட்டே இருப்பான். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பதில் எழுதும் வேலை இவளுடையது. மாதிரிச் சோடி ஒன்று தவறாகப் போனதில் இருவருக்கும் சண்டை வந்து, சண்டை முடியாமலே பழக்கமாகிவிட்டது என்று அவளே சொன்னாள். அவன் தந்தை ஏழுமலை தோல் பதனிடும் ஆலையில் பெரிய மர உருளைகளை ஓட்டி ஓய்வுபெற்றவர். பாட்டனார் சுண்ணாம்புக் குழியில் இடுப்பளவு நீரில் நின்று தோலைப் புரட்டியவர். இதற்குமேல் அவர்கள் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. நம் உறவினர் எவரும் இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவரே, எந்தத் தெருவில் எவர் வீடு என்று சொல்லாமலே தெரியும்.

மங்கை என்னிடம் சொன்ன அன்று நான் கோயிலுக்குப் போனேன். சன்னிதியில் நின்று பதிகம் பாடினேன். பாடும்போது ஒன்று தோன்றியது. இறைவன் எந்தெந்தத் தெருவிலிருந்து தன் அடியாரை எடுத்துக்கொண்டான் என்று ஆயுள் முழுவதும் மேடையில் சொல்லிச் சொல்லிக் கைதட்டு வாங்கியவள் நான். அதே சொல் என் வாசலுக்கு வரும்போது கதவைச் சாத்தினால் இத்தனை காலம் நான் பாடியது வெறும் தொண்டைப் பயிற்சி. வீட்டுக்கு வந்து மங்கையிடம், அவனை ஒருநாள் தேநீருக்கு வரச்சொல் என்றேன். அவ்வளவுதான் என் முடிவு. அதில் பெருமை ஒன்றுமில்லை.

அவன் வந்த மாலையில்தான் நீ அழைத்தாய். மங்கை பேசியை மேசைமேல் சாய்த்து வைத்திருந்தாள். உன் முகம் தெரிந்தது. உனக்குத் தெரிந்தது நான் மட்டும். அருள் மூலையில் இருந்த பிரம்பு நாற்காலியில் கையில் தேநீரோடு இருந்தான். அவன் வந்திருக்கிறான் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் நீ தொடங்கிவிட்டாய்.

"இன்னாம்மா கேள்விப்படறேன்? ஊர்ல ஆளே இல்லியா? அவன் நமக்குப் புறத்தான்மா. தோல் குழியில நின்னவங்க வூட்டுக்கு நம்ம பொண்ண அனுப்புவியா? எனக்கு இங்க நம்ம சங்கத்துல பேர் இருக்கு. நாளைக்கு இவன்தான் மச்சான்னு எப்பிடிக் காட்டுவேன்?"

நான் பேசியை அணைத்தேன். அருள் தேநீரைக் குடித்து முடித்தான், தம்ளரைக் கீழே வைத்தான், பிறகு மங்கையைப் பார்த்துச் சொன்னான்: "பயப்படாத. உங்க அண்ணன் புறத்தான்னு கைகாட்டினது போன வருசம் கெலிச்சுது."

மங்கை சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். உள்ளே குழாயைத் திறந்த ஓசை வெகுநேரம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே பாத்திரம் ஒன்றும் இல்லை. அருள் எழுந்து என்னிடம், "நான் கிளம்பறேன் ஆண்ட்டி. டீ நல்லா இருந்துச்சு. சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் உனக்குக் கொடுத்த சொல்லை நீ எடுத்த இடத்தில் வைக்கவில்லை, மகனே. களத்தில் நிற்பவனுக்குப் பெருமையாகத் தந்ததை, கதவுக்கு வெளியே நிறுத்துவதற்குத் தாழ்ப்பாளாக்கிவிட்டாய். விலங்கின் பரம்பரையைப் பார்க்காதே என்று ஊருக்குச் சொல்லும் வாய்தான் மனிதனின் பாட்டனைத் தேடியது. தரை எப்படி இருந்தது, வழியை யார் மறித்தார்கள் என்று பார்க்கச் சொல்பவனுக்கு, அந்தக் குடும்பம் எந்தத் தரையில் ஓடிவந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை. வழியை மறித்தவர்களில் நம் முன்னோர் இருந்தார்கள் என்பதும் தோன்றவில்லை. கடல் தாண்டிப் போனவனை உள்ளூர்க்காரர் அறியார், அறியாததால் மதியார் என்று நீ குதிரையைச் சொன்னாயா, அறை கிடைக்காமல் அழுத உன்னைச் சொன்னாயா என்று நான் ஐயுற்றதுண்டு. இப்போது ஐயம் தீர்ந்தது. நீ குதிரையைத்தான் சொன்னாய்.

தோல் குழி என்றாயே. உன் அப்பா எங்கே வேலை பார்த்தார்? வாணியம்பாடியில் ஒரு தோல் ஆலையில் கணக்கர். மாலையில் அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் அந்த நெடி வீடு முழுவதும் பரவும், நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய். அவர் சிரிப்பார். நீ படித்த பள்ளி, ஏறிய விமானம், இன்று நீ உட்கார்ந்து பேசும் அந்த நாற்காலிக்கு உன்னைக் கொண்டுபோன பாதை, எல்லாம் அந்த நெடியிலிருந்து வந்தவை. குழியில் நின்றவருக்கும் அருகில் அமர்ந்து எழுதியவருக்கும் கூலியில் வேறுபாடு உண்டு, சாப்பாட்டு வரிசையில் வேறுபாடு உண்டு, நெடியில் வேறுபாடு இல்லை.

நாள் குறிப்பதற்கு ஏழுமலை வந்திருந்தார். வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு முதலில் பேசியது உன்னைப் பற்றி. "ஒங்க புள்ள வீடியோ ஒண்ணு உடறதில்ல டீச்சரம்மா. நான் ஆடறவன் இல்ல, சும்மா கேப்பேன். குதிரையப் பத்தி அவரு பேசறப்ப நம்மளப் பத்தி யாரோ நல்லபடியா பேசறாப்ல இருக்கும்." பிறகு சற்றுத் தயங்கி, "தம்பி இன்னா சொன்னாரு? எங்க வூட்டப் பத்தி எதுனா..." என்று நிறுத்தினார். அன்று மாலை நடந்ததை அருள் தன் தந்தையிடம் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது. "ரொம்ப சந்தோஷப்பட்டான்" என்றேன். நாவால் பொய் சொல்வதில்லை என்று இறைவன்முன் வைத்திருந்த உறுதியை உனக்காக அன்று உடைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும்மா. அவ்ளோ நியாயமா பேசற ஆளு வேற மாதிரி சொல்ல மாட்டாரு" என்றார். உனக்கு வந்த பாராட்டுகளில் மிகப் பெரியது அதுதான். அதை உன்னிடம் சேர்ப்பிக்க எனக்குக் கூசுகிறது.

உனக்குப் பதிலாக நிற்கும்படி குடியாத்தத்தில் உன் மாமாவைக் கேட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசினான். "அக்கா, அவனே வரலன்னா நான் எந்த மொகத்தோட நிப்பேன்? சொந்தப் புள்ள ஒத்துக்கல, மாமன் முன்ன நின்னு கட்டிக் குடுத்துட்டான்னு பேச்சாயிடும். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது. உடு அக்கா" என்றான். அவன் நெய்து விற்கும் லுங்கியை எந்தத் தெருவில் எவர் கட்டுகிறார்கள் என்று அவன் கேட்பதில்லை. நான் அதைச் சொன்னேன். தறியைக் காரணம் காட்டிப் பேசியை வைத்துவிட்டான். உன்னைப் பார்த்து ஒருவர் பின்வாங்கினார், அவரைப் பார்த்து இன்னும் இருவர். பந்தயத்தில் கூட்டம் போகும் பக்கமே எல்லோரும் காசைக் கட்டுவார்கள் என்று நீ பழிப்பாய். இந்தக் கூட்டத்தை இங்கே கூட்டியவன் நீ.

சென்ற வாரம் திருமணத்தை நடத்திவைக்கும் குருக்களைப் பார்க்கப் போனேன். தாரை வார்க்கத் தம்பதியாக யார் நிற்கிறார்கள் என்று கேட்டார். நான் நிற்கிறேன் என்றேன். அவர் திருநீற்றுக் கிண்ணத்தை அந்தப் பக்கம் நகர்த்தினார், இந்தப் பக்கம் நகர்த்தினார்.

"அம்மா, நீங்க தெரியாதவங்க இல்ல. வழக்கம்னு ஒண்ணு இருக்கு. ஐயா இல்லாத நிலையில..."

"சாமி, நான் பாடற பதிகத்தை சன்னிதியில இருக்கறவர் கேக்கறாரா, இல்லியா?"

"கேக்கறாரும்மா. அதுல இன்னா சந்தேகம்."

"என் வாயில வர்ற பாட்டு வேணும், என் கையில வர்ற தண்ணி வேணாமா?"

அவர் எனக்குத் திருநீறு எடுத்துக் கொடுத்தார். பிறகு, "எதுக்கும் வெத்தலத் தட்டு ஒண்ணு சேத்து வாங்கிடுங்க" என்றார். அதுதான் அவருடைய சம்மதம். மண்டபத்தில் உறவினர் முணுமுணுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். உன் அப்பா போன நாளிலிருந்து ஒவ்வொரு திருமணத்திலும் மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து, ஆசி கூறும்போது எழாமல், தாலி கட்டும்போது முன்னே வராமல் இருந்து பழகியவள் நான். எவரும் என்னை வையவில்லை. நாற்காலியைப் பின்னால் போட்டுவிடுவார்கள், அவ்வளவே. வெளியே நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்று உனக்கு அந்த முதல் குளிர்காலத்தில் தெரிந்தது. எனக்கு ஒவ்வொரு முகூர்த்தத்திலும் தெரிந்தது. தெரிந்த பிறகும் நீ அப்படிப் பேசினாய் என்பதுதான் என்னால் விழுங்க முடியாதது. அறியாதவன் பேசியிருந்தால் கற்பித்திருப்பேன்.

ஆகவே இதை உனக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வா என்று நான் கெஞ்சவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மனம் மாறி, கவிதாவையும் இனியாவையும் அழைத்துக்கொண்டு நீ முகூர்த்தத்தன்று மண்டபத்துக்குள் நுழைந்தாலும், மங்கையின் கையைப் பிடித்து அருளின் கையில் வைத்து நீர் வார்க்கப்போகிறவள் நான்தான். அந்த இடம் உனக்காகக் காத்திருந்த காலம் முடிந்துவிட்டது. நீ வந்தால் உறவினர் வரிசையில் நல்ல நாற்காலி போட்டு வைப்பார்கள், அமர்ந்து பார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடு. ஏழுமலை உன்னைத் தேடிவந்து கையைப் பிடிப்பார். அப்போது அவர் கண்ணைப் பார்த்துப் பேச உன்னால் முடிகிறதா என்று நான் மணவறையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒன்று மட்டும் என் விருப்பத்துக்கு மாறாக எழுதுகிறேன். பொரியை வைக்க நசீர் பாயின் பிள்ளையை அண்ணன் முறையில் நிறுத்தலாம் என்று மங்கையிடம் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அண்ணன் உயிரோட இருக்கும்போது எதுக்கும்மா வேற ஆளு? வந்தா வைக்கட்டும். வரலன்னா நானே அள்ளிப் போட்டுக்கறேன்" என்றாள். நான் அவளிடம் வாதாடினேன், தோற்றேன். பொரித்தட்டு உன் பக்கமாகவே வைக்கப்படும். அது அவள் உனக்கு வைப்பது, நான் வைப்பது இல்லை.

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளையும் நோயற்ற உடலையும் தருக. கவிதாவின் மங்கலம் நிலைக்க. உன் வீட்டு அடுப்பு அணையாதிருக்க, உன் வாசலுக்கு வருபவர் பசியோடு திரும்பாதிருக்க. என் பேத்தி இனியா கல்வியிலும் குணத்திலும் உயர்ந்து, தனக்குப் பிடித்த ஒருவனை ஒருநாள் உன்முன் கொண்டுவந்து நிறுத்துவாள். அன்று அவனுடைய வீட்டார் அந்த நாட்டில் உன் நிறத்தையும் உன் ஊரையும் உன் பாட்டனையும் கேளாமல் உன்னை உள்ளே அழைத்து உட்கார வைப்பார்களாக. அவள் மணநாளில் அவளருகே நிற்கும் பேறு உனக்கு வாய்க்கட்டும். அந்த இடத்தில் நிற்கும்படி உனக்கு எவரும் கடிதம் எழுத வேண்டியிராத வரத்தையும் அவனே தருவானாக.

அம்மா.